படர்தாமரைக்குச் சீனப் பட்டை

ஆசிரியருக்கு,

பாலக்கோடு சந்தையில் படர்தாமரைக்கு 'சீன மூலிகை' களிம்பு விற்கிறார்கள். என்ன மூலிகை என்று டப்பாவில் இல்லை. சீன மருத்துவத்தில் இதற்கு 'து ஜின் பி' என்ற வேர்ப்பட்டை உண்மையிலேயே உண்டு. அதிலுள்ள சூடோலாரிக் அமிலம் ஆய்வகத்தில் பூஞ்சையைக் கொல்கிறது. சரி. ஆனால் கண்ணாடித் தட்டில் சாவது வேறு. தக்காளித் தோட்டத்தில் நாளெல்லாம் வியர்வையில் ஊறியவரின் தொடையிடுக்கில் சாவது வேறு.

களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும். அந்தச் சந்தைக் களிம்பைப் பூசிய எனக்கும் அரிப்பு அடங்கியது, படை பரவியது. அப்புறம் தோல் மருத்துவரிடம் போய் ஒன்றரை மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மருந்து ஆய்வாளர்கள் கடைகளோடு நிற்காமல் சந்தைப் பக்கமும் வரவேண்டும்.

– ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்