பச்சைக் கொடின்னா பாகிஸ்தான் கொடியா?

ஆசிரியர் ஐயாவுக்கு ஸலாமும் வணக்கமும்.

போன வாரம் எங்க எதிர்வீட்டு அண்ணன் வாட்ஸாப்ல ஒரு படம் அனுப்பினாரு. முப்பது வருஷப் பழக்கம், தீபாவளிக்கு முறுக்கு இந்தப் பக்கம் வரும், நோன்புப் பெருநாளுக்கு பிரியாணி அந்தப் பக்கம் போகும். படத்துல சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா, மேல பிறையும் நட்சத்திரமும் போட்ட பச்சைக் கொடி. கீழ 'பினாங்குல பாகிஸ்தான் கொடி, கேக்க ஆள் இல்லையா'ன்னு எழுதி இருந்துச்சு. 'தம்பி இது நெசமா?'ன்னு அண்ணன் வேற கேட்டிருந்தாரு.

நெசம் இல்லண்ணே. பாகிஸ்தான் கொடியில கம்பத்து ஓரமா ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், அந்த நாட்டு சிறுபான்மை மக்களுக்காக 1947லயே வச்சது. படத்துல இருக்கிற கொடியில அது எங்க இருக்கு? 2019ல ராகுல் காந்தி வயநாட்டுல தேர்தல்ல நின்னப்ப இந்திய யூனியன் முஸ்லிம் லீக் கட்சிக் கொடியப் பாத்துட்டும் இதே கூத்துதான் அடிச்சாங்க. அந்த லீக் 1948ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, தலைவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிபு திருநெல்வேலிக்காரர். பச்சையும் பிறையும் கண்டா போதும், மிச்சத்த யாரும் பாக்கிறதில்ல.

தர்கா கொடிக்கு அரசாங்கமும் இல்ல கட்சியும் இல்ல ஐயா, அது நேர்ச்சைக் கொடி. நாகூர்ல ஜமாதுல் ஆகிர் மாசம் முதல் பிறையில கொடியேத்துவாங்க, நாகப்பட்டினத்துல இருந்து கப்பல் மாதிரி ஜோடிச்ச ரதத்துல கொடி ஊர்வலமா வரும், அப்புறம் 14 நாள் கந்தூரித் திருவிழா. கொடி ஏறுற மினாராக்கள்ல பெரியது 131 அடி, கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங், அவரு இந்து. கப்பல் ஏன்னா, நாகூர்ல அடங்கியிருக்கிற ஷாகுல் ஹமீது ஆண்டவர் கடல்ல போறவங்களுக்குக் காவல்னு நம்பிக்கை. அப்படி நேந்துக்கிட்டு கப்பலேறி வந்த நம்ம ஆளுங்கதான் இங்க 200 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு தர்காவக் கட்டினாங்க, சிங்கப்பூர் தெலோக் ஆயர்லயும் 1830க்குள்ள ஒன்னு எழும்பிடுச்சு. எங்க அத்தா சின்னப்புள்ளையில என்னைத் தோள்ல வச்சுக்கிட்டு அந்தக் கொடியேத்தத்தக் காட்டியிருக்காரு, அப்ப பக்கத்துல நின்னவங்கள்ல பாதிப் பேரு நெத்தியில விபூதி பூசினவங்க.

எங்க ஆளுங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிடறேன். இப்ப உள்ள பிள்ளைங்க சில பேரு கொடியேத்தறதே ஷிர்க், அதாவது அல்லாவுக்கு இணை வைக்கிற பாவம்ன்றாங்க, பிறை நபி காலத்து அடையாளமே இல்ல, துருக்கி சுல்தான்ங்க கொடியில இருந்து பரவினதுன்றாங்க. அதுல பாதி சரிதான், நபிமொழியான ஹதீஸ்ல வர்றது கறுப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும்தான். அதுக்காக பாட்டன் பூட்டன் ஏத்தின கொடியப் பத்தி வெளியாள் கேட்டா பதில் சொல்லாம மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறதா? நாம சொல்லலைன்னா வாட்ஸாப்காரன்தான் சொல்வான்.

786 கதை இன்னும் மோசம். அது 'அல்லாவின் பேரால'ன்னு தொடங்குற பிஸ்மில்லாவோட அரபு எழுத்துக்களுக்கு உள்ள எண் மதிப்பக் கூட்டினா வர்ற தொகை, பேப்பர் காலடியில கிடந்தா அல்லா பேரு மிதிபடக்கூடாதுன்னு நம்மவங்க எண்ணா எழுதுவாங்க. நாசி கண்டார் சோத்துக் கடை போர்டுல, கல்யாணப் பத்திரிகையில எல்லாம் பாத்திருப்பீங்க. என் கடைக்கு சாப்பிட வந்த ஒருத்தர் போர்டக் காட்டி 'பாய், முன்னாடி ஒரு நம்பர் சொல்லுங்க, இன்னிக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாம்'னாரு. சிரிச்சுட்டு கூட ஒரு தே தாரிக் டீ கொடுத்தேன், வேற என்ன பண்ண.

நம்ம மலேசியக் கொடி ஜாலூர் கெமிலாங்லயும் பிறை இருக்கு, தலையில பிறை சூடினவர அண்ணன் தெனமும் காலையில கும்பிடறாரு. அடுத்த கந்தூரிக்கு உங்க பேப்பர்ல படம் போட்டா அடியில ரெண்டு வரி, இது என்ன கொடி எங்க இருந்து வந்ததுன்னு சேத்துப் போடுங்க ஐயா, அது போதும்.

அண்ணன் கிட்ட நேர்ல போய் எல்லாம் சொன்னேன், உடனே படத்த அழிச்சிட்டாரு. ஆனா அதுக்குள்ள அவரு இன்னும் மூணு குரூப்புக்கு அனுப்பியிருந்தாராம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு