காபி மணம் திரும்பிவிட்டது, ராஜி

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பேத்தி வாங்கிக் கொடுத்த பபுள் டீயைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை நான்கு முறை படித்தேன். தடித்த ஸ்ட்ரா வழியாக முதல் உருண்டை வாய்க்குள் குதித்தபோது பயந்துபோனாயாம். "டீயை எதற்கடி மெல்ல வேண்டும்?" என்று கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாளாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், உன்னிடம் இத்தனை நாள் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். அது போகும்போது என் மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. நான்கு மாதம் எந்த வாசனையும் தெரியவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய், உன் முழங்கால் இருந்த நிலையில் அது வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். காபி குடித்தால் கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், சூடு தெரியும். காபி மட்டும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால் கையில் இருப்பது டீயா காபியா என்று தடுமாறுவேன். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவியின் வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்திருக்கிறேன், ஆனால் இழந்த பிறகுதான் தெரிந்தது. குடிப்பதில் மகிழ்ச்சி இல்லாமல் போனதால், பானங்களைப் பற்றிய செய்திகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விசித்திரமான செய்திகளாக இருந்தால் இன்னும் ஆசையாகப் படித்தேன்.

உன் பபுள் டீக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு உருண்டை மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது, ஜவ்வரிசிக்கு உடன்பிறப்பு. 1980களில் தைவானில் பிறந்தது. முதலில் செய்தது நாங்கள்தான் என்று அங்கே இரண்டு கடைகள் பத்தாண்டு வழக்காடின. இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பானம், முதலில் செய்தது யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு என்பது என் எண்ணம். பல்லுக்கு அடங்கியும் அடங்காமலும் துள்ளும் அந்தப் பதத்துக்குத் தைவான்காரர்கள் தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: 'கியூ கியூ'. வாசனையே தெரியாத அந்த நான்கு மாதத்தில் எனக்குச் சந்தோஷம் தந்த முதல் பானம் இதுதான், ராஜி. மூக்கு உதவாவிட்டாலும் பல்லும் நாக்கும் வேலை செய்தன. டீயை மெல்லுவது வீண் வேலை இல்லை. உன் பேத்தியிடம் நான் சொன்னதாகச் சொல்.

சோடாவும் அப்படித்தான் கைகொடுத்தது. அந்தச் சுருக்கென்ற குத்தல் குமிழிகள் வெடிப்பதால் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். கரிமில வாயு வாயில் உள்ள ஒரு நொதியால் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் வலியை உணரும் நரம்புகளைத் தொடுகிறது. அமெரிக்காவில் சிலரைக் காற்றழுத்தம் கூட்டிய அறையில் உட்காரவைத்து, குமிழியே எழாத நிலையில் சோடா குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். குத்தல் குறையவே இல்லை. 2013இல் வந்த ஆய்வு இது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மலையேறுகிறவர்கள் உயரத்தில் வரும் நோய்க்கு அசெட்டசோலமைடு என்ற மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அது அந்த நொதியைத் தடுத்துவிடும். சிகரத்தைத் தொட்டுவிட்டு வந்து கொண்டாட்டமாகப் புட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் பானம் சப்பென்று இருக்கும். குமிழி கண்ணுக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை. அந்த மனிதர்களின் ஏமாற்றம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

விமானத்தில் எல்லோரும் தக்காளிச் சாறு கேட்பதைக் கவனித்திருக்கிறாயா? லுஃப்தான்சா விமான நிறுவனம் கவனித்தது. தரையில் அதைத் தொடாதவர்கள்கூட மேலே போனதும் கேட்கிறார்கள், ஏன் என்று கண்டறியச் சொன்னது. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வகத்தில் ஒரு பழைய விமானத்தின் உடற்பகுதியைக் குறைந்த அழுத்தக் கூடத்தில் வைத்து ஆட்களை உட்காரவைத்தார்கள். வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் மூக்கு மந்தமாகிவிடுகிறது. உப்பும் இனிப்பும் மங்குகின்றன. தரையில் மண்வாடை அடிப்பதாகச் சொல்லப்பட்ட அதே சாறு, அங்கே பழச்சுவையோடு இனித்தது. பின்னர் 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் கண்டார்கள்: விமானத்தின் இரைச்சலே இனிப்பைக் குறைத்து, தக்காளியிலும் காளானிலும் உள்ள 'உமாமி' என்ற நாவூறவைக்கும் சுவையைக் கூட்டிக் காட்டுகிறது. காது கேட்பது நாக்கில் தெரிகிறது! அன்றைக்கே தக்காளிச் சாறு வாங்கிவந்து குடித்தேன். உண்மையாகவே மற்றவற்றைவிட அதில் ருசி இருந்தது.

என்னை அழவைத்த செய்தி விண்வெளியிலிருந்து வந்தது. அங்கே எடையின்மையால் திரவம் கோப்பையில் நிற்காது. பையில் அடைத்து ஸ்ட்ராவால்தான் உறிஞ்ச வேண்டும். அப்படிக் குடித்தால் மணம் மூக்குக்கு வராது. டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் 2008இல் கையிலிருந்த ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒருபக்கம் கூராக முடியும் கோப்பை செய்தார். அந்தக் கூரான மடிப்பு வழியே காபி தானாக ஏறி உதட்டுக்கு வருகிறது. 2015 மே மாதம் இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி அங்கே முதல் எஸ்பிரெஸ்ஸோ காபியைக் குடித்தபோது, சுமார் 20 கிலோ எடையுள்ள இயந்திரம் ஒன்று அதற்காகவே மேலே போயிருந்தது. இத்தனை பாடும் எதற்கு? காபிக்கு மேலே மூக்கு இருக்க வேண்டும் என்பதற்காக. பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டரில் ஒருவர் வாசனைக்கு ஏங்கித் தாளை மடித்திருக்கிறார். என் ஏக்கம் சின்ன விஷயம் இல்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு தைரியம் வந்தது.

அண்ணன் மதுவை விட்டுவிட்டு ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். அது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கிறாராம். ஆல்கஹாலைப் பிரிக்கச் சூடாக்கினால் மணமும் சேர்ந்து பறந்துவிடும். அதனால் வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலேயே பிரிக்கிறார்கள்; சிலர் மணத்தை முதலில் தனியே பிடித்து வைத்துக் கடைசியில் திரும்பச் சேர்க்கிறார்கள். ஆனாலும் தொண்டையில் இறங்கும் அந்த எரிச்சலைச் சேர்க்க முடியாது. மிளகாய் காட்டும் எரிச்சலை உணரும் அதே நரம்பைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. இந்தவகைப் பானம் செய்கிறவர்கள் சிலர் இஞ்சியும் மிளகாயும் சேர்ப்பது அதனால்தான். அவரிடம் ஒரு துண்டு இஞ்சியோடு குடித்துப் பார்க்கச் சொல். சிங்கப்பூரில் 2022இல் சுத்திகரித்த கழிவுநீரில் பீர் காய்ச்சி விற்றார்கள் என்பதையும் சொல். குடிநீரைவிடச் சுத்தமாக இருந்தாலும் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறோம். அது நாக்கின் சுளிப்பு அல்ல, மனத்தின் சுளிப்பு.

மனம் செய்யும் வேலைக்கு இன்னொரு சாட்சி பிரான்சின் போர்தோவில் கிடைத்தது. 2001இல் வெளியான ஆய்வு. வெள்ளை ஒயினில் நிறத்தை மட்டும் கலந்து சிவப்பாக்கி, ஒயின் படிக்கும் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே சொன்னார்கள். இதைச் சொல்லி அவர்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கண் முந்திக்கொண்டு சொல்வதை மூக்கு கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அது மனித உடம்பின் அமைப்பு.

ஐந்தாவது மாதம் எனக்கு மோப்பம் திரும்பியது. ஆனால் எப்படித் திரும்பியது தெரியுமா? காபி, எரிந்த ரப்பரும் அழுகலும் சேர்ந்த நாற்றமாக வந்தது. அடுப்படியிலேயே நிற்க முடியவில்லை. இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தானோ என்று இரவில் தூக்கம் போனது. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்றைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. காபியில் நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டு. அவற்றில் கந்தகம் கலந்த ஒன்று, மோப்பம் கெடாதவர்களுக்கு இனிய காபி வாசனை. என்னைப் போல் மோப்பம் திரிந்தவர்களுக்கோ அருவருப்பு. அது மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும் பொருள். பாதி விழித்த மூக்குக்கு அது முதலில் எட்டுகிறது, மற்றவை எட்டவில்லை.

அந்த வாரத்தில்தான் பால்டிக் கடலடி ஷாம்பேன் கதையைப் படித்தேன். 2010இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலில் 168 புட்டிகள் கிடைத்தன. சுமார் 170 ஆண்டு இருட்டிலும் குளிரிலும் கிடந்தவை. லிட்டருக்கு 140 கிராமுக்கும் மேல் சர்க்கரை. இன்றைய 'புரூட்' என்ற இனிப்புக் குறைந்த ஷாம்பேனில் 12 கிராமைத் தாண்டாது. நிபுணர்கள் முகர்ந்தபோது முதலில் வந்தது ஈரமான மயிரின் வாடை, விலங்கு வாடை. கோப்பையைச் சுழற்றிக் காற்றுப் படவிட்ட பிறகு புகையும் தோலும், பிறகு பழமும் பூவும் வந்தன. நாற்றம் முதலில், பூ பிறகு. நான் அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் என்ற மருத்துவர் 2009இல் வெளியிட்ட பயிற்சி ஒன்று இருக்கிறது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. நான்கையும் காலையிலும் இரவிலும் முகர வேண்டும், பன்னிரண்டு வாரம். என் மருத்துவரும் அதையே சொன்னார். நான் ஐந்தாவதாகக் காபித்தூளையும் சேர்த்துக்கொண்டேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மறுநாள் மறுபடியும் முகர்வேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் காபி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. வெறும் காபி. கையில் சோப்போடு அப்படியே நின்றேன். முழுதாக இல்லை, முன்பிருந்ததில் பாதி இருக்கும். நம் விடுதி அறையில் நீ விடியற்காலையில் காபி கலந்து என் மூக்கருகே நீட்டி எழுப்புவாயே, அது நினைவுக்கு வந்தது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். மூடி போட்ட டம்ளரில் ஆற்றி வைத்துவிடாதே. வாய் அகன்ற கோப்பையில், ஆவி பறக்கக் கொண்டுவந்து கையில் கொடு. பேத்தியையும் வரச்சொல், அவளோடு பபுள் டீ குடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் வசந்தா