லூயி பாடி பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மூளையில் படியும் புரதங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமிலாய்டு, டவ் என்ற புரதங்கள், அல்சைமர் மறதி நோய் எல்லாம் புரியும்படி இருந்தது. ஆனால் ஆல்ஃபா சைனுக்ளீன் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் புரதம் நரம்பு செல்லுக்குள் உருண்டையாகத் திரள்வதைத்தான் லூயி பாடி என்கிறார்கள். ஃபிரெடரிக் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-லேயே எழுதி வைத்தது. என் கணவருக்கு வந்திருப்பது இதனால் மூளையின் செயல்பாடு மங்கும் நோய்தான், லூயி பாடி டிமென்ஷியா.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பிறந்தநாள், பென்ஷன் தொகை எதுவும் மறக்கவில்லை. ஆனால் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, “அதுகளுக்கும் டீ போடு” என்பார். காலையில் பேப்பர் படிப்பவர் மாலையில் என்னையே யாரோ போலப் பார்ப்பார். நடை தளர்ந்தது. சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். இதற்குப் பல வருடம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். வண்டி ஓட்டுகிற கனவு போல என்று நான் பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன். அதுவே இந்த நோயின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று பின்னால் நரம்பியல் மருத்துவர் சொன்னார்.

அதற்குள் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவில் சத்தம் போடுகிறார் என்று, மனக் குழப்பத்தை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் உடம்பு விறைத்து, கஞ்சிகூட இறங்கவில்லை. லூயி பாடி உள்ளவர்களுக்கு, உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற மூளை ரசாயனம் ஏற்கெனவே குறைவு. இருப்பதையும் வேலை செய்யவிடாமல் தடுக்கிற மருந்து அது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கே பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் என்றுதான் சொல்லியிருந்தார்கள். 2014-ல் அவர் இறந்த பிறகு நடந்த பரிசோதனையில்தான் லூயி பாடி தெரிந்தது. மன்னார்குடியில் இரவுப் பணியில் இருந்த ஒரு இளம் டாக்டரை நான் எவ்வளவுதான் திட்டுவது?

அப்புறம், உங்கள் கட்டுரையைப் படித்த எதிர்வீட்டு அக்கா முட்டையையும் பருப்பையும் நிறுத்தச் சொல்கிறார். மூளையில் சேர்வது சாப்பாட்டுப் புரதம் இல்லை. செல் தானாகத் தயாரிப்பது, மடிப்புப் பிசகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. சாப்பாட்டில் பார்க்க வேண்டியது வேறு. டோபமினை ஈடுகட்ட அவருக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை புரத உணவோடு சேர்ந்தால் சரியாக உடம்பில் ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுகிறேன், முட்டையும் தொடர்கிறது. இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

அவருடைய ஃபைல் அட்டையில் சிவப்பு மையில், ‘லூயி பாடி டிமென்ஷியா. ஹாலோபெரிடால் கூடாது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த நோய் உள்ள மற்ற வீடுகளிலும், தங்கள் மருத்துவரிடம் கேட்டு, இப்படி எழுதி வைக்கலாம். ஒரு நரம்பியல் நிபுணரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் சொல்லுங்கள். தூக்கத்தில் கத்துவதையும் விடாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி