எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்க்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு வலி குறைந்து மறுபடியும் வண்டி எடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் பெட்ரோல் விலையைப் பற்றி நீ எழுதியிருந்தது என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. அதை யோசித்து முடிக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

எந்த பங்க்கில் என்ன விலை என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டிருக்கிறாய் என்றும், "நான் ஒருத்தன் இடம் மாறிப் போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்றும் எழுதியிருந்தாய். மிச்சம் பிடிப்பதைவிட அலைச்சல்தான் ஜாஸ்தி என்று தங்கச்சி சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். தங்கச்சி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நீ சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். மகள் கார் ஓட்டப் பழகுகிறாள். போன மாதம் ஒருநாள் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷமாக நான் பெட்ரோல் போடும் பங்க்குக்குள் திருப்பச் சொன்னேன். திருப்பி நிறுத்திவிட்டு, "அப்பா, எதிர்ல இருக்கிற பங்க்ல விலை கம்மியாப் போட்டிருக்கே, நாம ஏன் இங்க வர்றோம்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் போக யூ டர்ன் அடிக்க வேண்டும், காரணம் அவ்வளவுதான். பத்து வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டு கிடக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், இரண்டு பலகைகளிலும் இருந்த விலை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். ஒருநாள் விடியற்காலையில் டயருக்குக் காற்றடிக்க நின்றிருந்தேன். என் பங்க்கின் மேனேஜர் வெளியே வந்தார். ரோட்டோரம் வரை நடந்து போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து எதிர்ப்பக்கத்துப் பலகையைப் பார்த்தார். பிறகு அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். நான் காற்றடித்து, கண்ணாடி துடைத்து, கிளம்புவதற்குள் இந்தப் பக்கத்துப் பலகையில் கடைசி இலக்கம் மாறி இறங்கிவிட்டது. நான் பத்து வருஷம் பார்க்காத பலகையை அந்த மனிதர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

சரி, தங்கச்சியின் கணக்குக்கு வருகிறேன். உன் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வை. விலை குறைந்த பங்க் 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போகவர 6. அதற்கே 0.4 லிட்டர் எரிந்துவிடும். நீ 30 லிட்டர் போடுவதாக இருந்தால், விலையில் 1.3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். 10 லிட்டர் மட்டும் போட்டால் 4 சதவீதம் வேண்டும். பைக்கை எடுத்துக்கொள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் அதே 6 கிலோமீட்டருக்கு 0.12 லிட்டர்தான். ஆனால் போடுவது 4 லிட்டர்தானே, அங்கே 3 சதவீதம் வேண்டியிருக்கிறது. மைலேஜ் நல்ல வண்டி என்பதால் அலையலாம் என்று நினைப்போம். டேங்க் சின்னதாக இருந்தால் அந்தக் கணக்கு உதைக்கும். இதில் உன் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

அதனால் விலைக்காகத் தனியாக ஒரு நடை போகாதே. எப்படியும் போகிற வழியில் இருக்கும் நாலு பங்க்குகளுக்குள் பார்த்துப் போடு. டேங்க் கால்வாசிக்கு இறங்கும்போதே பார்க்க ஆரம்பித்துவிடு. ரிசர்வுக்கு வந்துவிட்டால் அடுத்து எந்த பங்க் வருகிறதோ அதுதான் நமக்கு விதித்தது, அவர்கள் சொல்வதுதான் விலை.

இனி உன் கேள்வி. நீ ஒருத்தன் மாறினால் என்ன ஆகும்? கற்பனையாக ஒரு பங்க்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலையில் 4 சதவீதம் அந்த பங்க்குக்கு மார்ஜினாக, அதாவது வாங்கிய விலை போகக் கையில், நிற்கிறது என்று கொள். பங்க்காரர் விலையை 1 சதவீதம் ஏற்றினால் லிட்டருக்கு நிற்பது 4லிருந்து 5 ஆகிவிடும். கேட்க நல்ல லாபம். ஆனால் ஐந்தில் ஒருவர் எதிர்ப்பக்கம் போய்விட்டால், ஏற்றியதில் வந்தது அத்தனையும் போய்விடும். அதற்கு மேல் ஒரு வண்டி போனாலும் அவருக்கு நஷ்டம். அவரைத் தடுத்து நிறுத்த எல்லோரும் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை, ஐந்தில் ஒருவர் பார்த்தால் போதும். மற்ற நாலு பேரும் அந்த ஒருவருடைய தயவில்தான் குறைந்த விலைக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பத்து வருஷம் அந்த நாலு பேரில் ஒருவனாக நான் இருந்திருக்கிறேன். எனக்காக யாரோ யூ டர்ன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதையே திருப்பிப் போட்டுப் பார். அவர் விலையை 1 சதவீதம் இறக்கினால் லிட்டருக்கு நிற்பது 3தான். பழைய லாபம் வர மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும். அந்தக் கூடுதல் வண்டிகள் வராது என்று தெரிந்தால் அவர் எதற்கு இறக்கப் போகிறார்? முதலில் இறக்குகிறவனுக்கு நாம் கூட்டமாகப் போய்க் கைகொடுக்காவிட்டால், அடுத்த முறை யாரும் இறக்க மாட்டார்கள்.

இதைப் பொருளாதாரம் படித்த பெரியவர்கள் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். விலையைத் தேடித் தெரிந்துகொள்வதற்கே ஒரு செலவு இருக்கிறது, அதனால்தான் ஒரே சரக்கு பல விலைக்கு விற்கிறது என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961இல் எழுதினார். பத்து வருஷம் கழித்து பீட்டர் டயமண்ட் அதைவிடத் திகைக்க வைக்கும் ஒன்றைக் காட்டினார். எல்லாருக்குமே தேடுவதில் துளி செலவு இருந்தாலும் போதும், கடைகள் எத்தனை இருந்தாலும் விலை ஒரே கடை இருந்தால் எவ்வளவு இருக்குமோ அங்கே போய் நின்றுவிடக்கூடும் என்று. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பங்க்குகளின் எண்ணிக்கைதான் போட்டி என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன்.

அப்படியானால் எல்லா விலையையும் எல்லோருக்கும் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஃபியூவல்வாட்ச் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நாளைய விலையை இன்று மதியம் 2 மணிக்குள் பங்க்குகள் அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் அதை மாற்றக் கூடாது. இன்றைக்குப் போடலாமா, நாளைக்குப் போடலாமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆஸ்திரியாவில் 2011இல் வேறு வழி பார்த்தார்கள். விலையை இறக்க எந்நேரமும் அனுமதி, ஏற்றுவது மட்டும் நண்பகல் 12 மணிக்கு ஒரே தடவை. ஜெர்மனியில் 2013 முதல் விலை மாறிய 5 நிமிஷத்துக்குள் போட்டி ஆணையத்துக்குத் தகவல் போய்விட வேண்டும். உன் போனில் இருப்பது போன்ற ஆப்களுக்கு அங்கே தகவல் வருவது அப்படித்தான். காலையில் ஏறியிருக்கும் விலை சாயங்காலம் இறங்கிவிடுகிறது என்பதை அங்கே மக்கள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் சிலியில் நடந்ததைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. 2012இல் அங்கேயும் எல்லா பங்க்குகளின் விலையையும் இணையத்தில் போட வைத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், பங்க்குகளின் மார்ஜின் சராசரியாகக் கூடியிருந்தது. மக்கள் அதிகம் தேடிப் பார்த்த பகுதிகளில் மட்டும் அந்த ஏற்றம் குறைவு. காரணம் அந்த மேனேஜர்தான், நண்பா. பலகையை நாம் பார்க்காவிட்டாலும் விற்கிறவர் பார்க்கிறார். எதிராளி என்ன விலை என்று நொடியில் தெரிந்துவிட்டால், சண்டை போடாமலே ஒருவரையொருவர் அனுசரித்துப் போவது சுலபமாகிவிடுகிறது. ஜெர்மனியில் விலையைத் தானாக நிர்ணயிக்கும் மென்பொருள் வந்த பிறகும் இதே கதைதான். இரண்டே பங்க்குகள் இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் அதை வாங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. இருவரும் வாங்கியபோது மார்ஜின் ஏறியது.

உன் ஆப்பைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது அவர்களுக்குத்தான் உதவும். பார்த்துவிட்டு வண்டியைத் திருப்ப வேண்டும்.

எதிரெதிர் பங்க்குகளில் ஒரே விலை இருந்தால் அது கடும் போட்டியா, சும்மா ஒத்துப்போவதா என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கச்சா எண்ணெய் விலை விழும்போது பார்க்க வேண்டும். ராபர்ட் பேக்கன் என்ற பொருளாதார ஆய்வாளர் 1991இல் பிரிட்டனின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்து, ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்றார். இறகு மாதிரி இரண்டு பலகையும் சேர்ந்து மெல்ல இறங்கினால் அங்கே யாரும் யாருக்கும் பயப்படவில்லை என்றுதான் நான் நினைப்பேன். ஒருத்தர் முந்திக்கொண்டு இறக்கினால் நான் அவரிடம் போவேன். அடுத்த வாரம் அவர் ஏற்றினால் விட்டுவிடுவேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விடக்கூடாது. விலை குறைவு என்று வேறோர் இடத்தில் இரண்டு தடவை போட்டேன். நோட்டைப் பார்த்தால் மைலேஜ் 15லிருந்து 13க்கு வந்திருந்தது. மூன்றாம் தடவை இறங்கி நின்று கவனித்தேன். ஒருவர் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவராமலே போட ஆரம்பித்துவிட்டார். அத்தோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். நீயும் வண்டியை விட்டு இறங்கி நின்று பார்த்துப் போடு.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். ரிவர்ஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். அவள் பாஸ் ஆகிவிட்டால் அடுத்த மாதம் அவளே ஓட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவதாகத் திட்டம். டேங்க்கை இங்கே பாதிதான் நிரப்பப் போகிறோம். உன் பக்கத்தில் இப்போது முதலில் இறக்குகிறவர் யார் என்று பார்த்து எழுது, மீதியை அங்கே போட்டுக்கொள்கிறோம். தங்கச்சியிடம் நான் அவள் பக்கம் பாதி பேசினேன் என்று மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்