சவுக்கின் மேல் ஒரு பழி

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் விவசாயப் பக்கத்தில், காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பவை அவரையினத் தாவரங்கள் மட்டும்தான் என்றும், சவுக்கு மண்ணைச் சக்கையாக்கிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். பயறு, உழுந்து, கிளிசரிடியா பற்றிச் சொன்னது சரி. சவுக்கின் மேல் போட்ட பழியைத்தான் பொறுக்க முடியவில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் முல்லைத்தீவுக் கரையோரம் சவுக்கு நட்டார்கள். உப்புக்காற்று, வெறும் மணல். யாரும் ஒரு பிடி பசளை போடவில்லை, ஆனாலும் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஒரு மாரியில் சாய்ந்த மரத்தின் வேரைப் பார்த்தேன்: முருகைக்கல் துண்டுபோல் கொத்துக்கொத்தாக முடிச்சுகள். “வேரில புற்று வந்திட்டுது சேர்” என்றான் கூட வந்த பெடியன். என்னிடம் விவசாயம் படித்தவன்!

புற்றல்ல. உள்ளே இருப்பது பிராங்கியா என்ற, இழை இழையாக வளரும் பற்றீரியா. பயற்றங்கொடியின் வேரில் வாழும் றைசோபியத்துக்கு இது தூரத்து உறவுகூட இல்லை. மரம் இதற்குச் சீனி கொடுக்கிறது, இது மரத்துக்கு நைதரசன் கொடுக்கிறது. பயற்றின் முடிச்சு ஒரு போகத்தோடு சரி. சவுக்கின் முடிச்சோ மரம்போலவே இறுகி, வருடக்கணக்கில் பெருத்துக்கொண்டு போகும். லேசில் பிடிபடாத கிருமி இது. 1978இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு செடியின் முடிச்சிலிருந்து பிராங்கியாவை முதன்முதலில் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள்.

நாற்றுமேடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முன்பு சவுக்கே நில்லாத மண்ணில் இந்தப் பற்றீரியா இல்லாமல் போகலாம், கன்று மஞ்சளித்து நிற்கும். உடனே யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், அது கூடினால் வேர் முடிச்சு வைக்காது. பழைய சவுக்கின் அடிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் பையில் கலந்துவிடுங்கள். என் மருமகன் இதைக் கேட்டுச் சிரித்தான், அப்புறம் அவனே சாக்கோடு வந்து மண் அள்ளிக்கொண்டு போனான்.

வரம்பில் சவுக்கை நட்டால் வயலுக்கு யூரியா மிச்சம் என்று சொல்ல வரவில்லை. பிடித்த நைதரசனில் பெரும்பங்கை மரமே வைத்துக்கொள்ளும். உதிர்ந்த சருகு மக்கினால்தான் மண்ணுக்கு வரும், அதுவும் மெதுவாகத்தான். அந்தச் சருகு மெத்தைபோல் மூடிக் கிடப்பதால் கீழே புல்லும் முளைக்காது. பழி வந்தது அதனால்தான் போலும். ஆமை முட்டையிடும் கரையில் இதை நெருக்கி நடுவதும் பிழை.

அடுத்த வாரம் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். படம் தேவையென்றால் சொல்லுங்கள், அந்த மரத்து முடிச்சொன்றைக் காயவைத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற விவசாய ஆசிரியர்,
முள்ளியவளை.