எச்பிஏ1சி பற்றிய அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் 10 கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளுக்கு நீங்கள் போட்ட கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் குளுக்கோஸ் தண்ணீர் குமட்டினால் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி எடுத்துப் பார்த்தால் போதும் என்று நடுவில் ஒரு வரி வந்திருந்தது. எச்ஐவி உள்ள கர்ப்பிணி யாராவது அதைப் படித்து நம்பிவிடப் போகிறாரே என்றுதான் எழுதுகிறேன்.

நான் லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல வருடம் முன்பு எச்ஐவிக்குக் கூட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்கு எச்பிஏ1சி 5.2 வந்தது, சர்க்கரை இல்லை என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். ரத்த அணு எண்ணிக்கையில் சிவப்பணுவின் அளவு 112 என்று வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததால் எனக்கு மட்டும் உறுத்தல், டாக்டரிடம் சொன்னேன், அன்றைக்கே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 178! நம் அரசு வழிகாட்டுதல்படி 140 வந்தாலே கர்ப்பகால சர்க்கரைதான்.

காரணம் எளிது. எச்பிஏ1சி சிவப்பணுவை நம்பி நிற்கும் சோதனை. கர்ப்பத்தில் பழைய அணு போய்ப் புது அணு சீக்கிரம் வருகிறது, அதிலேயே கணக்கு இறங்கும். அந்தம்மா சாப்பிட்ட கூட்டு மருந்தில் இருந்த ஜிடோவுடின் சிவப்பணுவைப் பெரிதாக்கும், அப்போது இன்னும் குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலோ எதிர்ப்பக்கம் இழுத்து ஏற்றிக் காட்டும். இதில் எதை நம்புவது?

அடிபோனெக்டின் (கொழுப்புத் திசு சுரக்கும் ஒரு புரதம்), சிஆர்பி (அழற்சி இருந்தால் ஏறும் புரதம்) என்று ரத்தத்தில் வேறு குறியீடுகளை வைத்து முதல் மூன்று மாதத்திலேயே கண்டுபிடிக்கலாமா என்று ஆராய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எச்ஐவி இருக்கும் உடம்பில் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாலும் உள்ளே லேசாக அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும், சிஆர்பி ஏற்கெனவே ஏறியிருக்கலாம். எச்ஐவி இல்லாத பெண்களிடம் பார்த்த அளவை அப்படியே இவர்களுக்கும் பொருத்தினால் சரி வராது. இவர்களுக்கென்று சரியான அளவு தெரியும்வரை குளுக்கோஸ் தண்ணீர்தான். வெறும் வயிறு கூட வேண்டாம், 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்யலாம். முதல் செக்கப்பில் ஒரு தடவை, சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

இப்போது எச்ஐவிக்குப் பெரும்பாலோர் சாப்பிடுவது டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை. சிலருக்கு அதனாலும் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கொடுத்தால் இந்த மாத்திரை அதன் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும், அதனால் மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் எச்ஐவி மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்துச் சீட்டைப் பிரசவ வார்டில் காட்டப் பயந்து எத்தனையோ பெண்கள் வீட்டிலேயே ஒளித்து வைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதைச் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017 எச்ஐவி சட்டம் இருக்கிறது, வார்டில் நடப்பது வேறு. அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி ஏஆர்டி மையத்து டாக்டரும் பிரசவ டாக்டரும் ஒரு போன் பேசிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
நாமக்கல்