இம்யூனிட்டின்னா ஏத்திக்கிட்டே போறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயிறு உங்க இணைப்புல எதிர்ப்பு சக்திய ரெண்டு மடங்கா ஏத்தறது எப்படின்னு அரைப் பக்கத்துக்கு வந்த கட்டுரைய எங்கம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாங்க, படிச்சிட்டு ஃப்ரிட்ஜ்ல தயிர் கிண்ணத்துக்குப் பின்னாடி இருக்கற ஊசியக் காட்டி "ஊரே ஏத்துங்குது, நீ ஏன்டி எனக்கு எறக்கற ஊசி போடற"ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது எதிர்ப்பு சக்தியே சொந்த மூட்டத் தாக்கற நோய், காலைல பேஸ்ட் பிதுக்கக்கூட விரல் மடங்காது. அந்த ஊசி, அழற்சியத் தூண்டிவிடற டிஎன்எஃப்ங்கற புரதத்த அடக்கறது.

நான் பெரம்பூர்ல பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி ட்யூஷன் எடுக்கறவ, அதான் சும்மா இருக்க முடியல. கிருமி உள்ள வந்தா அத முழுங்கற மேக்ரோஃபேஜ் செல் டிஎன்எஃப் ஜீன்லேர்ந்து எம்ஆர்என்ஏன்னு ஒரு நகல் எடுக்கும், அது ஓட்டல்ல சர்வர் கிச்சனுக்கு அனுப்பற ஆர்டர் சீட்டு மாதிரி, பரிமாறினதும் கிழிச்சுப் போட்டுடணும், இல்லன்னா மாஸ்டர் தோசை ஊத்திக்கிட்டே இருப்பாரு. சீட்டோட கடைசில அடினின், யுராசில்ங்கற ரெண்டு எழுத்தே நெறைய வர்ற ஒரு துண்டு இருக்கு, டிரிஸ்டெட்ராப்ரோலின்னு (வாய்ல நுழையாது, பசங்க சிரிப்பாங்க) ஒரு புரதம் அதப் புடிச்சா சீட்டு சீக்கிரமே செதைஞ்சுடும். 1996-ல இந்தப் புரதம் இல்லாத எலிய உண்டாக்கிப் பாத்தாங்க, மூட்டெல்லாம் வீங்கி எலி எளைச்சுப் போச்சு. 1999-ல அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டுப் பாத்தாங்க, அதுக்கும் மூட்டுவாதம், கூடவே குடல்ல அழற்சி. ஜீன் நல்லாத்தான் வேலை செஞ்சுது, சீட்ட கிழிக்க ஆளில்ல. அம்மாவுக்கும் இதே கோளாறுதான்னு நான் சொல்ல வரல, ஆனா டிஎன்எஃப் நிக்காம வந்தா மூட்டு என்ன ஆகும்னு எங்க வீட்லயே பாக்கறோம்.

ஆன்டிபாடி செய்யற பி செல் கதை வேற. ஒரே ஜீன்தான், ஆர்என்ஏல வால் பக்கத்த விட்டுவெச்சா ஆன்டிபாடி செல் மேலயே ஒட்டிக்கிட்டு கிருமி வருதான்னு பாக்கும், வாலுக்கு முன்னாடியே வெட்டிட்டா ரத்தத்துல கலந்து சண்டைக்குப் போகும். 1980-லயே கண்டுபிடிச்ச சமாச்சாரம். இதுல எத ரெண்டு மடங்கு ஏத்தச் சொல்றீங்க?

கஷாயம் போடுங்க, வேணாம்னு சொல்லல. மூட்டுவாதம், சோரியாசிஸ்னு மருந்துல இருக்கறவங்க டாக்டரக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம்.

அம்மா ஊசி போட்டுக்கிட்டாங்க, மூணு நாள் லேட். கட்டுரைய கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சிருக்காங்க, அடுத்த தடவ போறப்போ டாக்டர்கிட்ட காட்டணுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை